138 புள்ளிகள் உண்மை, டிவிஷன் 1 என்பது தவறு

"அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் டிவிஷன் 1 சாதனை: ஜாக் டெய்லர், 138 புள்ளிகள்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. எண் சரி, டிவிஷன் (கல்லூரி அணிகள் ஆடும் பிரிவு; 1 தான் உயர்ந்தது) தவறு. டெய்லர் ஆடிய, அயோவா மாநிலத்திலுள்ள சின்னஞ்சிறு கிரின்னெல் கல்லூரி ஆடுவது டிவிஷன் 3. அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது.

2012 நவம்பர் 20, சீசன் தொடங்கி சில நாட்கள்தான் ஆகியிருந்தன. டெய்லர் 108 முறை எறிந்து 52 கூடைகள் போட்டார். அந்த 108 முயற்சிகளில் மூன்று புள்ளி எறிதல்கள் மட்டும் 71! கிரின்னெல் 179-104 என வென்றது. எதிரணி சும்மா நின்றது என்பதும் அநியாயம். அந்த அணியின் டேவிட் லார்சன் 70 புள்ளிகள் எடுத்தார், அதையும் சேர்த்துப் பகிருங்கள்.

டிவிஷன் 1 சாதனை, 1954இல் ஃபர்மன் பல்கலைக்கழக அணிக்காக ஃபிராங்க் செல்வி எடுத்த 100.