தாங் தூங்குகிறது

(இடம்: இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு, சேன்த்-ஆந்த்ரே ஊர். ஒரு கடை: பெட்டிக்கடையைவிடப் பெரியது, சூப்பர் மார்க்கெட்டைவிடச் சின்னது. செப்டம்பர் மாதச் சனிக்கிழமை.)

செல்வா: அக்கா, ஷசேர் பத்திரிகை வந்துவிட்டதா?

கடைக்கார அக்கா: வந்து மூன்று சனிக்கிழமை ஆகிறது தம்பி. மூன்று வாரமும் நீதான் நின்றுகொண்டே படித்தாய். நடுப்பக்கத்தை மடித்து வைத்ததும் நீதான்.

செல்வா: இன்றைக்கு வாங்கத்தான் வந்தேன். எனக்குப் பொருத்தமாக ஒன்று பார்க்க வேண்டும். வயசு 36 ஆகிவிட்டது.

அக்கா: அப்படிச் சொல்! உன் அம்மா கொலோஸ் கோயிலில் வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை. எப்படி இருந்தால் உனக்குப் பிடிக்கும்?

செல்வா: ஒல்லியாக, நீளமாக. கையில் எடுத்தால் கனம் தெரியக்கூடாது.

அக்கா: கையில் எடுப்பதெல்லாம் அப்புறம். முதலில் குடும்பத்தைப் பார்.

செல்வா: பெல்ஜியம், இத்தாலி எதுவானாலும் சரி. 3 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். தோள் வலிக்கும்.

அக்கா: 3 கிலோ பிறந்த பிள்ளையின் எடை தம்பி!

செல்வா: நான் துப்பாக்கியைச் சொல்கிறேன் அக்கா!

அக்கா: நான் பெண்ணைச் சொல்கிறேன்! கல்யாணமாகாதவன் ஷசேர் கேட்டு வந்தால் வேறென்ன நினைப்பது? லெ ஷசேர் ஃப்ரான்சே என்றால் அந்தக் காலத்தில் கல்யாண விளம்பரத்துக்குத்தான் பேர். பிரான்ஸில் பாதிப் பேர் கடைசிப் பக்கத்தைப் பிரித்து மாப்பிள்ளை, பெண் பார்த்துவிட்டுத்தான் முயலுக்கே வருவார்களாம்.

செல்வா: அது 1885-இல் தொடங்கிய வேட்டைப் பத்திரிகை அக்கா. சேன்தெத்தியேன் ஊர்த் துப்பாக்கிக் கம்பெனி நடத்தியது. அவர்கள் சைக்கிளும் தையல் மிஷினும்கூட விற்றார்கள்.

அக்கா: பெண்ணையும் காட்டி, சைக்கிளும் தையல் மிஷினும் தந்து, மாமனாரைச் சமாளிக்கத் துப்பாக்கியும் கொடுத்திருக்கிறான். சீர் முழுக்க ஒரே கடையில். கெட்டிக்காரன்!

(நான் பின்னால் செய்தித்தாளும் சில்லறையுமாக நிற்கிறேன். இப்படி நின்றே படிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சமையல் பத்திரிகைக்காரர் குறிப்பை எழுதிக்கொண்டு போய்விடுவார். துப்பாக்கிக்காரருக்குத்தான் கருத்து கேட்க ஆள் வேண்டும்.)

செல்வா: சரி, நீங்களே சொல்லுங்கள். இது வேட்டைப் பத்திரிகை, இது துப்பாக்கிப் பத்திரிகை. எதை வாங்கட்டும்?

அக்கா: வேட்டையில் என்ன போட்டிருக்கிறான்?

செல்வா: காட்டுப்பன்றி, நாய் வளர்ப்பு... இந்த மாதம் சீசன் திறப்புச் சிறப்பிதழ்.

அக்கா: சீசன் அங்கே, பிரான்ஸில் திறக்கிறது. இங்கே தாங் தூங்குகிறது.

செல்வா: தாங்கை ஏன் இழுக்கிறீர்கள்?

அக்கா: இந்த ஊரில் வேட்டை என்றால் முக்கால்வாசிப் பேருக்கு, முள்ளெலி மாதிரி இருக்கும் அந்தத் தாங்தானே? இங்கே வருஷத்தின் நடுவில் வரும் குளிர்காலம் முழுக்கப் பொந்தில் படுத்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பிடிக்கப் போவார்கள். ஒரு நாய், ஒரு கொக்கி, ஒரு கோணி. இங்கத்துக் கிரியோல் பேச்சில்கூடக் கோணிக்குக் கோனிதான் பேர். இதில் உன் துப்பாக்கி எங்கே வருகிறது?

செல்வா: ஜாவா மான் இருக்கிறதே!

அக்கா: இருக்கிறது. உன்னிடம் பெர்மி, அதான் வேட்டை உரிமம், இருக்கிறதா?

செல்வா: பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா: எத்தனை நாளாக?

செல்வா: நாலு வருஷமாக.

அக்கா: அதுவரை அந்த மான் பேரன் பேத்தி எடுத்துவிடும். தாங்கைப் பார், ஒரே ஈற்றில் சிலசமயம் 30 குட்டிகூடப் போடுகிறது. அதுவும் பாதி வருஷம் தூங்கி எழுந்த பிறகு. நீ முழு வருஷமும் விழித்திருந்து என்ன செய்தாய்?

செல்வா: (துப்பாக்கிப் பத்திரிகையைத் தூக்கி) அப்படியானால் இதுதான் எனக்குச் சரி. இதில் சோதனை செய்து எழுதுகிறார்கள். 100 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டு, ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்கிறார்கள்.

அக்கா: போன மாதத் துப்பாக்கி எப்படி?

செல்வா: பிரமாதம்.

அக்கா: அதற்கு முந்தின மாதத்தது?

செல்வா: அதுவும் பிரமாதம். விசை மட்டும் கொஞ்சம் இறுக்கமாம்.

அக்கா: அந்தப் பக்கத்தைத் திருப்பு. எதிரில் என்ன விளம்பரம்?

செல்வா: ...அதே துப்பாக்கி.

அக்கா: என் கடையில் தக்காளி வாங்குகிறவர்கள் அழுகலைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள். இத்தனை வருஷம் இதே அலமாரியில் அடுக்குகிறேன், “இந்தத் துப்பாக்கி உதவாது, காசை வீணாக்காதே” என்று ஒருத்தன் எழுதி நான் பார்த்ததில்லை. உலகத்தில் நல்ல துப்பாக்கி மட்டும்தான் செய்கிறார்களா? மனிதன் சாகிற சாமானுக்கு இவ்வளவு நல்ல பேர்!

(கொஞ்ச நேரம் பேச்சில்லை.)

செல்வா: விலை ஏன் இரண்டு போட்டிருக்கிறது?

அக்கா: சின்ன விலை பிரான்ஸில் இருக்கிறவனுக்கு. தே-ஓ-எம், அதாவது கடல்கடந்த மாவட்டம், என்று போட்டிருக்கிற பெரிய விலை நமக்கு. இல்லாத பன்றியைப் பற்றிப் படிக்கக் கூடுதல் கட்டணம்.

செல்வா: அக்கா... ஒரே ஒரு பக்கம் போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா?

அக்கா: எடு தம்பி. ஃபோனில் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடு. தாங் தூங்குகிறது.