இல்லாததை எப்படி அறிகிறோம்?

ஐரோப்பாவின் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் வளர்ந்த ஸ்கொலாஸ்டிக் தத்துவம் என்றாலே ஊசிமுனையில் எத்தனை தேவதைகள் ஆடலாம் என்ற பழைய கேலியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். பிரான்சிஸ்கோ சுவாரெஸைப் பத்துப் பக்கம் வாசித்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

சுவாரெஸ் ஸ்பெயின் நாட்டு இயேசு சபைத் துறவி. 1597இல் சலமன்காவில் வெளிவந்த அவருடைய பெருநூலில் 54 விவாதங்கள். இருப்பது என்றால் என்ன என்று கேட்கும் துறையான இருப்பியல் ஆராய வேண்டியது மெய்யான பொருளை மட்டுமே, மனம் கற்பித்துக்கொண்டவற்றுக்கு அதில் இடமில்லை என்று முதல் விவாதத்திலேயே கதவைச் சாத்துகிறார். ஆனால் கடைசி விவாதம் முழுக்க அந்தக் கற்பிதங்களைப் பற்றித்தான்! இதை முரண்பாடு என்பார்கள். எனக்கு நேர்மையாகவே படுகிறது. அவை பொருள்களின் நிழல் போன்றவை என்கிறார். கூடவே, அவை இல்லாமல் தர்க்கம் மட்டுமல்ல, இறையியல்கூடப் பேச முடியாது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

பார்வையின்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கண் தெரியவில்லை என்பது யாரும் நினைக்காவிட்டாலும் உண்மை. அந்த இன்மையைக் கண்ணுக்குள் குடியிருக்கும் ஏதோ ஒரு பொருளாக நாம் பாவிக்கும்போதுதான் கற்பிதம் பிறக்கிறது. பொருள்களை உள்ளபடி அறியும் கடவுளுக்கு இந்த வேலை தேவையில்லை. நாம் கற்பித்தவற்றை அவர் அறிவார், தாமாக எதையும் கற்பிப்பதில்லை என்கிறார் சுவாரெஸ். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் ரசிக்கக்கூடிய இடம் இது.

சில ஆண்டுகளில் எதிர்வாதம் வந்துவிட்டது. ஜெர்மனியின் ஸ்டைன்ஃபுர்ட்டில் பாடம் நடத்திய கிளெமென்ஸ் டிம்ப்ளர், கால்வினின் வழிவந்த புராட்டஸ்டண்ட்டுக்காரர், அறிவுக்கு எட்டும் எல்லாமே இருப்பியலின் ஆய்வுப்பொருள்தான் என்று 1604இல் எழுதினார். ‘ஒன்றுமில்லை’ என்பதும் அதற்குள் அடக்கம். வாதம் லேசானதல்ல. முயற்கொம்பு இல்லை என்று மறுக்கவாவது அது நமக்குப் புரிந்திருக்க வேண்டுமே!

ஆனாலும் நான் சுவாரெஸ் பக்கம்தான். முயலும் நாம் கண்டது, கொம்பும் நாம் கண்டது. ஒட்டுப்போட்டது மட்டுமே நம் வேலை. சதுர வட்டமும் அப்படித்தான். இல்லாதது நம் அறிவுக்குள் வருவதென்றால் இருப்பதிடம் கடன் வாங்கித்தான் வர வேண்டும். டிம்ப்ளர் அந்தக் கடனைக் கணக்கில் வைக்கவில்லை. நினைத்துப் பார்க்க முடிவது என்பதே முதல் அளவுகோல் ஆகிவிட்டால், ‘இருக்கிறதா?’ என்பது இரண்டாம் கேள்வியாகப் பின்னுக்குப் போய்விடுகிறது.

1781இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட், உள்ளதா இல்லதா என்று முடிவாகாத ‘பொதுவான பொருள்’ என்பதையே மிக உயர்ந்த கருத்தாக வைக்கிறார். பழைய தத்துவத்தை அவர் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டார் என்பவர்கள், 177 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டைன்ஃபுர்ட்டில் கிட்டத்தட்ட இதையே ஒருவர் பாடமாக நடத்தியதற்கு என்ன சொல்வார்கள்?