ஜெபிக்கத்தான் கேட்டார், பரப்பச் சொல்லவில்லை

நம் சபைச் சகோதரி ஒருவரின் நோயைப் பற்றிய அந்த வாய்ஸ் மெசேஜ் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். நாலு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். நேற்று இன்னொருவர் மேலே "பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று எழுதி அதையே மறுபடி அனுப்பியிருக்கிறார். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு சகோதரி தன் பயாப்சி முடிவை ஒரே ஒருவரிடம் சொல்லி ஜெபிக்கக் கேட்டார். ராத்திரிக்குள் அது மூன்று வாட்ஸப் குழுக்களில். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று அவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே, ஞாயிறு பள்ளியில் இன்னொரு பிள்ளை "உங்க அம்மாவுக்குக் கேன்சராமே?" என்று கேட்டுவிட்டது. ஒரு தாய் தன் வாயால், தன் நேரத்தில் சொல்ல வேண்டிய செய்தி அது. அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம். ஜெபத்தின் பெயரால் பிடுங்கிக்கொண்டோம்.

ஜெப விண்ணப்பம் சொன்னவருடைய சொத்து. கேட்டவருக்கு அது அடைக்கலப் பொருள். இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன், சலித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையில்லாத அன்னாளை நினைத்துப் பாருங்கள். ஆலயத்தில் உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் அழுது ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி முதலில் அவளைக் குடித்திருக்கிறாள் என்று தப்பாக நினைத்தார். அது அவர் பிழை. ஆனால் அவள் "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று சொன்ன பிறகு, என்ன கிலேசம், எத்தனை வருஷமாக, டாக்டர் என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்கவில்லை. "சமாதானத்துடனே போ" என்று ஆசீர்வதித்து அனுப்பினார். அவள் என்ன கேட்டாள் என்பதே தெரியாமல் கொடுத்த ஆசீர்வாதம் அது. அது பலித்தது. விவரம் தெரிந்தால்தான் ஜெபிக்க முடியும் என்று சொல்கிறவர்கள் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை இன்னொரு முறை படியுங்கள்.

ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் இறந்த மகள் கிடந்த அறைக்குள் இயேசு எத்தனை பேரை அழைத்துப் போனார்? பெற்றோரையும் மூன்று சீஷர்களையும். மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பினார். காது கேளாதவனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே கூட்டிப் போனார். பெத்சாயிதாவின் குருடனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போனார். வேதனைப்படுகிறவனைக் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்து நிறுத்தத் தெரிந்தவர் நம் ஆண்டவர்.

"உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்கிறதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். "உங்கள்" என்ற வார்த்தையில் கொஞ்சம் நில்லுங்கள் ஐயா. அடுத்த வீட்டுக்காரரின் காரியத்தை அறிக்கையிட அங்கே அனுமதி இல்லை. "ஆதிச்சபையில் சகலமும் பொதுவாய் இருந்ததே" என்பவர்களுக்கு: அவர்கள் பொதுவில் வைத்தது காணியையும் ஆஸ்தியையும்.

பலர் ஜெபித்தால் பலம் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. பவுலும் அநேகரிடம் ஜெபம் கேட்டார். ஆனால் தனக்காகத் தானே கேட்டார். பேதுரு சிறையில் இருந்தபோது சபையே ஊக்கமாக ஜெபித்தது, ஆனால் அவர் பிடிபட்டது ஊருக்கே தெரிந்த விஷயம். அது வேறு, ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை வேறு.

இந்தப் பாடத்தைச் சபை ஏற்கெனவே படித்திருக்கிறது. மனந்திரும்பினவர்களின் பாவங்களைத் தாளில் எழுதி வாங்கிச் சபைக்கு முன் வாசிக்கும் வழக்கம் ஒரு காலத்தில் சில இடங்களில் இருந்தது. 459ல் ரோமாபுரியின் ஆயர் முதலாம் லியோ கடிதம் எழுதி அதைத் தடுத்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: வெட்கத்துக்கும் எதிரிகளுக்கும் பயந்து ஜனங்கள் மனந்திரும்ப வருவதையே நிறுத்திவிடுவார்கள். 1215ல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, பாவசங்கீர்த்தனத்தில், அதாவது தன்னிடம் பாவத்தை அறிக்கையிட்டபோது, கேட்ட ரகசியத்தை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுக்க மடத்தில் தவம் இருக்க வைக்க வேண்டும் என்றது. பாவத்துக்கே இவ்வளவு காவல். இந்தச் சகோதரி எந்தப் பாவமும் செய்யவில்லை, வியாதிப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். அவருக்கு ஒரு கதவு கூடவா இல்லை?

சரி, எப்படித்தான் செய்வது என்று உண்மையாகவே கேட்கிறவர்களுக்கு.

ஒருவர் விண்ணப்பம் சொன்னால் முதலில் அங்கேயே, அப்போதே அவரோடு ஜெபியுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: யாரிடம் சொல்லலாம்? எந்த வார்த்தையில் சொல்லலாம்? எப்போது வரை? சொல்ல வேண்டிய வரியை அவர் முன்னாலேயே எழுதி வாசித்துக் காட்டுங்கள். "ஒரு சகோதரியின் சுகத்துக்காக" என்ற மூன்று வார்த்தை போதும் என்று அவர் சொன்னால் மூன்று வார்த்தைதான். நாலாவது வார்த்தை உங்களுடையதல்ல. அனுமதி கேட்க மறந்துவிட்டதா? அப்படியானால் அது உங்களோடு நிற்கட்டும்.

சபையில் எழுதிப் போடும் ஜெப விண்ணப்பச் சீட்டில் பெயர் எழுதுவது கட்டாயமாக இருக்கக் கூடாது. "போதகர் மட்டும், ஜெபக்குழு, சபை முழுவதும்" என்று மூன்று கட்டங்கள் போட்டு, எதைக் குறிப்பது என்பதை எழுதுகிறவரிடம் விடுங்கள். எதையும் குறிக்காவிட்டால் போதகர் மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் பெட்டிக்குப் பூட்டு வேண்டும், சாவி ஒருவரிடம் இருக்க வேண்டும். ஜெபித்து முடித்த சீட்டைக் கிழித்துவிட வேண்டும். மேஜை மேல் விட்டுப் போகிற சீட்டுகளிலிருந்துதான் பாதி வம்பு கிளம்புகிறது.

குழுவில் மெசேஜ் தானாக மறைய 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்க வழி இருக்கிறது. வையுங்கள். ஆனால் அதை நம்பி நோயின் பெயரை எழுதாதீர்கள். மறைவதற்குள் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும், வேறு குழுவுக்கு ஃபார்வர்ட் செய்தால் அங்கே அது மறையாது. வாய்ஸ் மெசேஜ் இன்னும் மோசம். எழுதும்போது யோசிக்கிறோம், பேசும்போது வாய் போன போக்கில் விவரம் கூடிவிடுகிறது. ஆஸ்பத்திரி வார்டு எண்ணைக் குழுவில் போடவே போடாதீர்கள். சிகிச்சை முடிந்து தூங்க வேண்டிய ஆளைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள்.

கூட்டத்தில் சத்தமாக ஜெபிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஆண்டவரே, உமக்குத் தெரியும், அந்தக் குடும்பத்தில் கணவர் வேலையை விட்டு ஆறு மாசமாக..." அவருக்குத் தெரியும் என்றால் யாருக்குச் சொல்லுகிறீர்கள்? நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6:8 சொல்கிறதே.

"நல்ல எண்ணத்தில்தானே செய்தார்கள்?" இருக்கலாம். அந்தப் பிள்ளை அழுதது அழுததுதான்.

"அப்படியானால் எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சொல்கிறீர்களா?" இல்லை. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது, ஒரு பெண் வீட்டில் அடிபடுகிறாள், ஒருவர் உயிரை விட நினைக்கிறார் என்றால் அது ஜெபக் குறிப்போடு முடிகிற விஷயமே இல்லை. பாதுகாக்கக் கூடியவர்களிடமும் சட்டத்திடமும் அன்றைக்கே போக வேண்டும். எனக்கு நெஞ்சு வலிப்பதே இங்கேதான். அடிக்கிற கணவனின் பெயர் வெளியே வந்தால் "சபையின் நற்பெயர்" என்கிறோம், "மூப்பர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறோம், வருஷக்கணக்கில் காக்கிறோம். ரகசியம் காக்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். யாருக்காகக் காக்கிறோம் என்பதுதான் கேள்வி. பதவியில் இருப்பவருக்குப் பூட்டு. படுக்கையில் இருப்பவருக்கு ஒலிபெருக்கி. "புறங்கூறித்திரிகிறவன் இரகசியங்களை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்" என்ற நீதிமொழிகள் 11:13ஐ எந்தச் சுவரிலாவது எழுதி வைத்திருக்கிறோமா?

இப்போது அந்தச் சகோதரி ஆராதனைக்கு வருவதில்லை. "விசுவாசத்தில் தளர்ந்திருக்கிறார், ஜெபியுங்கள்" என்று அதற்கும் ஒரு மெசேஜ் சுற்றுகிறது. தயவு செய்து நிறுத்துங்கள்.

முதலில் அனுப்பியவர் போன் செய்து கேட்டுவிட்டு, தனியாகப் போய், "உங்கள் அனுமதி இல்லாமல் சொன்னேன், மன்னியுங்கள்" என்று சொல்லட்டும். "ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்" என்ற வால் வேண்டாம். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். வைத்தியக் குறிப்பு வேண்டாம், "ஏதாவது பாவம் இருக்கிறதா என்று பாருங்கள்" என்பது வேண்டவே வேண்டாம். துன்பத்தில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். சிகிச்சை நாளில் பிள்ளைகளை யார் பள்ளிக்குக் கூட்டிப் போவது என்று கேளுங்கள், கூட்டிப் போங்கள்.

பிறகு அந்த மூன்று குழுக்களிலும் இரண்டு வரி எழுதட்டும்: "அனுமதி இல்லாமல் ஒரு செய்தியைப் பகிர்ந்தேன். தயவு செய்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்." விவரத்தை மறுபடி சொல்லாமல்.

உங்கள் போனிலும் அது இருந்தால் இப்போதே அழியுங்கள். யார் அந்தச் சகோதரி என்று இங்கே கேட்காதீர்கள், இன்பாக்ஸிலும் கேட்காதீர்கள். பெயரோ ஊரோ சொல்கிற கமெண்ட்டைப் பார்த்த உடனே நீக்கிவிடுவேன்.