நாளைக்கு ரவுட்டர் வருகிறது

(கேபிள் இன்டர்நெட் மாட்டுவதற்கு முதல் நாள். இடம் பார்க்க டெக்னீஷியன் வருகிறார். வீட்டு அம்மா வாசலிலேயே காத்திருக்கிறார்.)

அம்மா: வாங்க தம்பி. எல்லாம் தயார். ஒட்டடை அடித்து, தரை துடைத்து, ஜன்னல் திரைகூட மாற்றியாகிவிட்டது.

டெக்னீஷியன்: ரவுட்டர் திரையெல்லாம் பார்க்காதும்மா. கேபிள் பாயிண்ட் எங்கே?

அம்மா: அதுவா? பீரோவுக்குப் பின்னால்.

டெக்னீஷியன்: பீரோ எப்போதும் அங்கேதானா?

அம்மா: இல்லை, நேற்றுதான் நகர்த்தினோம். சுவரில் அந்தப் பாயிண்ட் பார்க்கவே அசிங்கம். புது ஆள் வருகிற நேரத்தில் கண்ணில் படக்கூடாதே என்று மறைத்துவிட்டோம்.

டெக்னீஷியன்: அந்தப் புது ஆள் நான்தான். நான் பார்க்க வந்ததும் அதைத்தான்.

அம்மா: நாலு பேர் சேர்ந்து தள்ளிய பீரோ, தம்பி!

டெக்னீஷியன்: அந்த நாலு பேரையும் நாளைக்குக் காலையில் வரச் சொல்லுங்கள். பாயிண்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்து வேலை பார்க்க இடம் வேண்டும். சரி, வெளியிலிருந்து கேபிள் எப்படி வருகிறது?

(மொட்டை மாடி. ஒரு கறுப்புக் கேபிள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போகிறது. அதன்மேல் ஒரு ஈரப் போர்வை, இரண்டு பேன்ட், வரிசையாகக் கிளிப்புகள்.)

டெக்னீஷியன்: அம்மா... இது கேபிள்.

அம்மா: தெரியும். கொடிக்கயிறு அறுந்துவிட்டது. இது லேசில் அறுகாது. உள்ளே முழுக்கச் செம்பு.

டெக்னீஷியன்: இதில் செம்பு வெறும் பூச்சுதான். உள்ளே எஃகுக் கம்பி.

அம்மா: அதுதான் போர்வையைக்கூடத் தாங்குகிறது!

டெக்னீஷியன்: கம்பி தாங்கும்மா, சிக்னல் தாங்காது. நடுக்கம்பிக்கும் சுற்றியிருக்கிற வலைக்கும் நடுவில் நுரை மாதிரி வெள்ளையாக ஒன்று இருக்கும். இழுத்து மடக்கினால் அந்த இடைவெளி மாறிவிடும். மாறின இடத்தில் சிக்னல் முட்டி, கொஞ்சம் வந்த வழியே திரும்பிவிடும். (ஆணியைக் காட்டி) இதோ, கேபிளுக்கு முடிச்சே போட்டிருக்கிறீர்கள்.

அம்மா: அது அவர் போட்டது. அவர் முடிச்சுப் போட்டால் யாராலும் அவிழ்க்க முடியாது.

டெக்னீஷியன்: நாளைக்குப் புதுக் கேபிள் இழுத்துவிடுகிறேன்.

அம்மா: பழையதை அப்படியே விட்டுவிடுங்கள். துணி நிறைய இருக்கிறது.

(கீழே, டிவிக்குப் பின்னால். இங்கே மட்டும் ஒட்டடை அடிக்கவில்லை.)

டெக்னீஷியன்: இந்த ஸ்பிளிட்டர் எதற்கு?

அம்மா: ஒரு டிவி அவருக்கு, ஒன்று எனக்கு. இன்டர்நெட்டையும் இதிலேயே பிரித்துக்கொள்ளுங்களேன்.

டெக்னீஷியன்: பிரிக்கப் பிரிக்கப் பலம் குறையும். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதி.

அம்மா: சொத்து மாதிரி.

டெக்னீஷியன்: அதேதான்.

அம்மா: சொத்தில் பாதி என்பார்கள், கையில் பாதி வராதே.

டெக்னீஷியன்: இங்கேயும் வராது. பலம் எவ்வளவு குறைகிறது என்பதை டெசிபலில் சொல்வோம். பாதியானால் கணக்குப்படி 3 டெசிபல் குறைய வேண்டும். நிஜத்தில் 3.5 போகும். அந்த மிச்ச அரை, ஸ்பிளிட்டருக்குள்ளேயே போய்விடுகிறது.

அம்மா: வக்கீல் ஃபீஸ்.

டெக்னீஷியன்: (சிரிப்பை அடக்கி) ரவுட்டரை எங்கே வைக்கலாம் என்று யோசித்தீர்களா?

அம்மா: பீரோவுக்குள். பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்வேன்.

டெக்னீஷியன்: இரும்புக்குள் வைத்தால் வைஃபை வெளியே வராதும்மா.

அம்மா: அப்போ மீன் தொட்டிக்குப் பின்னால்?

டெக்னீஷியன்: தண்ணீரும் சிக்னலை விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்புப் பக்கமும் வேண்டாம். அதுவும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்ளும். வீட்டுக்கு நடுவில், கொஞ்சம் உயரமாக, திறந்த இடத்தில், பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்டோடு.

அம்மா: அப்படி ஒரே இடம்தான். அவர் போட்டோ மாட்டியிருக்கிற சுவர்.

டெக்னீஷியன்: அங்கே சின்னதாக ஓர் அலமாரித் தட்டு வைக்கலாமா? கேபிள் வர வெளிச்சுவரில் ஓர் ஓட்டையும் போட வேண்டும். வெளிப்பக்கம் சரிவாகத் துளைத்து, நுழைவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு ஏற்றினால், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். வாடகை வீடா?

அம்மா: சொந்த வீடுதான். ஆனால் ஓட்டை போட அவரைத்தான் கேட்க வேண்டும்.

டெக்னீஷியன்: அவர் எங்கே?

அம்மா: இன்டர்நெட்டே வேண்டாம் என்று கோபித்துக்கொண்டு வெளியே போயிருக்கிறார்.

டெக்னீஷியன்: நாளைக்கு நான் வருவதற்குள் சமாதானம் செய்துவிடுங்கள். சுவருக்குள் கரண்ட் வயர் எங்கே போகிறது என்றும் கேட்டு வையுங்கள். தெரியாமல் டிரில் வைக்க முடியாது.

அம்மா: முதலில் எதைக் கேட்கட்டும்?

டெக்னீஷியன்: வயரை. அதற்குக் கோபம் வராமல் பதில் சொல்வார்.

(ஸ்பிளிட்டரைக் கழற்றி, வருகிற கேபிளில் சிக்னல் பலம் காட்டும் மீட்டரை மாட்டுகிறார்.)

டெக்னீஷியன்: மைனஸ் 11.

அம்மா: மைனஸா! நாங்கள் யாருக்கும் பாக்கி இல்லையே?

டெக்னீஷியன்: பயப்படாதீர்கள். மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வரை, கேபிள் சிக்னலை இன்டர்நெட்டாக மாற்றுகிற மோடம் சமாளிக்கும். நாளைக்குக் கேபிளை மாற்றினால் பூஜ்யம் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம்.

அம்மா: பூஜ்யம் வந்தால் நல்லதா?

டெக்னீஷியன்: பூஜ்யம்தான் இதில் முதல் மார்க்.

அம்மா: மெதுவாகப் பேசுங்கள் தம்பி. உள்ளே பேரன் இருக்கிறான்.