பூசகரின் மந்திரம் அடுத்தவர் வாளுக்கே

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டில் பூசகர் பாத்திரம் எடுக்கிறவர்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. ஆயுதத்துக்கு வலுவேற்றும் மந்திரம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அதைத் தம் கையிலிருக்கும் தண்டாயுதத்தில் ஓதிக்கொண்டு, வாள் பிடித்தவரையும் ஒதுக்கிவிட்டு முன்னுக்குப் பாய்கிறார்கள். அந்த மந்திரம் போய்ச் சேர வேண்டிய இடம் பக்கத்தில் நிற்பவருடைய வாள் என்பது என் கட்சி. கொடுக்கிறவராக இருக்கும்போதுதான் பூசகர் பாத்திரத்துக்கு உயிர் வருகிறது. தனக்கே கொடுத்துக்கொள்ளும் பூசகர் கவசம் போட்ட இன்னொரு சண்டைக்காரர், அவ்வளவுதான். விதி எழுதியவர்களும் ஒரு பதிப்பில் இதை நினைத்து மறு பதிப்பில் மறந்து வந்திருப்பதால், அவர்களையும் இந்த வழக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

விளையாட்டை அறியாத நண்பர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்க, ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டராக இருந்து கதையையும் எதிரிகளையும் நடத்துவார். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். பூசகரால் ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் ஓத முடியும் என்று கணக்கு இருக்கிறது; ஆகவே எதை, எப்போது, யாருக்காகச் செலவழிப்பது என்பதில்தான் அந்தப் பாத்திரத்தின் சுவை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் விதிகளிலேயே பூசகருக்குக் கூர் ஆயுதங்கள் விலக்கப்பட்டிருந்தன. வாளும் அம்பும் மற்றவர்களுக்கு, தண்டும் சம்மட்டியும் அவருக்கு என்று பிரித்திருந்தார்கள். நோர்மன் படையெடுப்பைச் சித்திரிக்கும் பேயூ திரைச்சீலையில் ஓடோ என்ற ஆயர் கையில் தடியோடு குதிரையில் வருகிறாரே, அதுதான் இந்த விதிக்கு வித்து என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வித்து எதுவாக இருந்தாலும் விளைந்தது நல்ல பயிர்தான். குழுவுக்குக் கிடைக்கும் மாய வாள்கள் பூசகருக்கு உதவாது என்று ஆகிவிட்டபடியால், அவர் தன் அடியை எண்ணி வாழாமல் மற்றவர்களின் அடியை எண்ணி வாழ வேண்டியிருந்தது.

அந்த வழியில் வந்த மந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்த விளையாட்டின் 1981ஆம் ஆண்டு எக்ஸ்பேர்ட் தொகுப்பில் மூன்றாம் நிலைப் பூசக மந்திரமாக (நிலை கூடக் கூட மந்திரம் கைக்கு வரவும் நாளெடுக்கும்) இருக்கும் ஸ்ட்ரைக்கிங். 30 அடிக்குள் இருக்கும் ஏதாவது ஓர் ஆயுதத்தின் மேல் ஓதினால், பத்து நிமிடங்களுக்கு அந்த ஆயுதத்தின் ஒவ்வோர் அடியும் ஓர் ஆறுமுகப் பகடை அளவுக்குக் கூடுதல் சேதம் செய்யும். அதைவிடப் பெரிய விடயம் ஒன்று அந்த விளக்கத்தின் கடைசியில் இருக்கிறது: மந்திரம் ஏறிய சாதாரண ஆயுதம், மாய ஆயுதத்துக்கு மட்டுமே அசையும் உயிரினங்களையும் காயப்படுத்தும். அந்த நாளில் கார்கொயில் என்ற சிறகு முளைத்த கல் அரக்கன் போன்றவற்றின் மேல் வெறும் இரும்பு பட்டாலும் படாதது போலத்தான். ஆகவே ஸ்ட்ரைக்கிங் அடியின் கனத்தைக் கூட்டியதோடு நிற்காமல், சண்டையில் பங்கெடுக்க முடியாமல் நின்ற ஒருவருக்கு அதில் இடமும் வாங்கிக் கொடுத்தது.

அந்த இடம் வாங்கிக் கொடுப்பது என்பது மேசையில் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். உவர்மலையில் ஒரு நண்பரின் வீட்டு மேல்மாடியில் நாங்கள் 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் விளையாடிக்கொண்டிருந்தோம். கதையில் ஒரு கடற்கரைக் கிராமம். மீன் வாடிகளுக்குள் ஓநாய் மனிதன் ஒன்று புகுந்துவிட்டது. அந்தப் பதிப்பில் ஓநாய் மனிதனை வெள்ளி பூசாத, மாயம் ஏறாத ஆயுதத்தால் எதுவும் செய்ய முடியாது. ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த தம்பி ஒருவர் ஃபைற்றர் என்ற போர்வீரர் பாத்திரத்தில் இருந்தார். பகடையை உருட்டினார், இருபது விழுந்தது. சேதத்துக்கான பகடைகளை இரட்டிப்பாக்கி அவர் கூட்டிச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்த டன்ஜன் மாஸ்டர், ஒரு கீறலும் விழவில்லை என்றார். "என்னண்ணா, இருபது விழுந்தும் ஒண்டுமில்லையோ?" என்று தம்பி கேட்ட குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

பூசகராக இருந்தவர் எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்கா. ஃபோர்ஜ், அதாவது கொல்லுலைப் பிரிவுப் பூசகர் என்பதால், சாதாரண ஆயுதத்தில் மாயம் ஏற்றும் மஜிக் வெப்பன் மந்திரம் அவரிடம் இருந்தது. ஆனால் அதை ஓதுவதற்கு ஒரேயொரு வாய்ப்புத்தான் மிச்சம். தன் சுத்தியலில் ஓதலாம், தம்பியின் வாளில் ஓதலாம். அவரோ, மகனைப் பறிகொடுத்துவிட்டு வாடி வாசலில் நின்ற கிழவர் ஒருவரை, டன்ஜன் மாஸ்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த மனிதரை, நினைவு வைத்திருந்து, அவர் கையிலிருந்த மீன் குத்தும் ஈட்டியில் ஓதினார். கணக்குப் பார்த்தால் அது வீண் செலவு. ஈட்டி செய்த சேதம் ஏழோ எட்டோதான். ஆனாலும் அந்த ஏழெட்டுக்கு மேசை போட்ட கூச்சல் கீழ் வீட்டுக்குக் கேட்டது. அந்த இரவு முழுவதும் வேறு எந்தப் பெரிய எண்ணுக்கும் அப்படி ஒரு வரவேற்புக் கிடைக்கவில்லை.

மஜிக் வெப்பன் தருவது +1 என்ற ஓர் எண். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த மந்திரத்தை யாரும் தொட மாட்டார்கள். ஐந்தாம் பதிப்பின் முதல் நிலை மந்திரமான பிளெஸ், மூன்று பேருக்கு, தாக்கும்போது ஒரு நான்குமுகப் பகடையைச் சேர்த்துக்கொள்ளக் கொடுக்கிறது, சராசரி 2.5. இரண்டாம் நிலை மந்திரமான மஜிக் வெப்பனோ ஒரே ஓர் ஆயுதத்துக்கு, தாக்குதலிலும் சேதத்திலும் ஒன்று கூட்டுகிறது. பிளெஸ் ஒரு நிமிடமும் மற்றது ஒரு மணித்தியாலமும் நிலைக்கும் என்பதைக் கழித்துக்கொண்டாலும், ஒரு சண்டைக்குள் பிளெஸ்தான் வெல்லும். ஆக, வெறும் இரும்பு ஏறாத தோலின் எதிரே ஆயுதம் வெறும் இரும்பாக இல்லாமல் போகிறது என்பதே மஜிக் வெப்பனின் பெறுமதி.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் கூர் ஆயுதத் தடையை எடுத்துவிட்டார்கள். அதோடு, பூசகரைத் தனியே நின்று அடிக்கும் ஆளாக மாற்றும் மந்திரங்கள் வரிசைகட்டி நின்றன. டிவைன் ஃபேவர், டிவைன் பவர், ரைட்டியஸ் மைட் ஆகிய மூன்றையும் ஓதியவர் தனக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். மூன்றையும் அடுக்கிக்கொண்ட பூசகர் ஃபைற்றரைவிட நன்றாகச் சண்டை பிடித்தார். ஃபைற்றர் பாத்திரம் எடுத்தவர் தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். கிளெரிக் என்ற இந்தப் பூசகருக்கும் இயற்கையை வணங்கும் டுரூயிட்டுக்கும் சேர்த்து கொட்ஸில்லா என்று விளையாட்டாளர்கள் பட்டம் வைத்தது சும்மா இல்லை.

அதே காலத்தின் இன்னொரு விடயம் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. கிரேற்றர் மஜிக் வெப்பன் என்ற மந்திரம் மணிக்கணக்கில் நிலைக்கும். ஒரு தூணியில் இருக்கும் 50 அம்புகளுக்கு ஒரேயடியாக ஓதலாம். குழுவுக்குக் கொடுப்பதற்கென்றே செய்தது போன்ற மந்திரம். ஆனால் அது மந்திரவாதிக்கு மூன்றாம் நிலையிலும் பூசகருக்கு நான்காம் நிலையிலும் வைக்கப்பட்டது. ஆயுதத்தை ஆசீர்வதிக்கும் தொழிலில் புத்தகப் புழு முந்திக்கொள்ள, கோயில்காரர் பின்னே நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும், மூன்றாம் பதிப்புக்கு 2003இல் வந்த 3.5 திருத்தத்தில் உள்ள அலைன் வெப்பன் மந்திரத்துக்காக அந்தக் காலத்தை ஓரளவு மன்னிக்கலாம். நன்மை சார்ந்த ஆயுதத்துக்கு மட்டுமே முழுதாகக் காயம்படும் பேய்களின் எதிரே, தோழரின் வாளை அந்த மந்திரம் நன்மையின் பக்கம் சேர்த்துவிடும். தீய தெய்வத்தின் பூசகர் ஒருவர் வாளை நன்மையாக்கி ஓத முடியாது. அப்படி ஓதுவதே அவருக்கு விலக்கு. யாரை வணங்குகிறீர்கள் என்பது வாள் முனைவரை வந்து பேசிய மந்திரம் என்று அதைத்தான் சொல்வேன்.

ஐந்தாம் பதிப்பின் மந்திரங்களில் ஹோலி வெப்பனைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். 2017இல் சனதாரின் பெயரில் வந்த துணைநூலில் உள்ள ஐந்தாம் நிலை மந்திரம் அது. ஆயுதம் 30 அடிக்கு வெளிச்சம் வீச, ஒவ்வொரு அடிக்கும் இரண்டு எட்டுமுகப் பகடை கூடுதல் சேதம், அதாவது சராசரி 9, ஒரு மணித்தியாலம்வரை கிடைக்கும். பூசகர் தன் முறையில் ஒரே ஒரு தடவைதான் அடிப்பார்; அவருக்கு 9. அதே வளர்ச்சி மட்டத்து ஃபைற்றர் இரண்டு தடவை அடிப்பார். இரண்டும் பட்டால் 18. பதினோராம் மட்டத்தில் மூன்று தடவை, அப்போது 27. இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் தன் தண்டாயுதத்திலேயே ஓதிக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போதாததற்கு இது கொன்சன்ட்ரேஷன் தேவைப்படும் மந்திரம்: பூசகர் அடி வாங்கினால் கவனம் குலைந்து மந்திரமே போய்விடலாம். அப்படியிருக்க, ஒளிரும் ஆயுதத்தோடு தானே முன்வரிசையில் நிற்பதைவிட, அதை முன்னால் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பது எவ்வளவோ மேல்.

விஜயதசமிக்கு நம் ஊர்க் கராஜ்களில் பூசை செய்ய வரும் ஐயர், ஸ்பனருக்கும் ஜக்குக்கும் ஓட்டோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, மறுநாள் வந்து எஞ்சின் கழற்றுவதில்லை. அதனால் அவருக்கு மதிப்புக் குறைந்ததாக ஒரு மெக்கானிக்கும் நினைத்ததில்லை.

2024இன் திருத்தப்பட்ட விதிகளில் நடந்ததைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மஜிக் வெப்பனுக்கு இருந்த கொன்சன்ட்ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். இது நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த சலுகை. அதே பதிப்பின் புதிய உயிரினத் தொகுப்பிலோ, சாதாரண ஆயுதத்துக்கு அசையாத தன்மையையே பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். இப்போது மந்திரம் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அது வேண்டியிருந்த இடம் இல்லை. மாய வாள் கிடைக்காத ஃபைற்றர் தவிப்பதைத் தவிர்ப்பதற்குச் செய்தார்கள் என்று நியாயம் சொல்லலாம். அந்தத் தவிப்பைத் தீர்ப்பதற்கு மேசையில் ஒரு பூசகர் உட்கார்ந்திருந்தார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மஜிக் வெப்பன் பொதுவான பூசக மந்திரப் பட்டியலில் இப்போதும் இல்லை என்பது இன்னொரு குறை.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்புக்காரர்கள் இந்த இடத்தில் கெட்டிக்காரர்கள். இப்போது ரூனிக் வெப்பன் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள அவர்களுடைய மந்திரம் முதல் நிலையிலேயே பூசகருக்குக் கிடைக்கிறது. தோழரின் ஆயுதத்துக்கு +1 கொடுப்பதோடு, சேதப் பகடை ஒன்றாக இருந்ததை இரண்டாக்கிவிடுகிறது. பெருவாள் ஏந்தியவர் ஒரு பன்னிருமுகப் பகடைக்குப் பதிலாக இரண்டை உருட்டும்போது, யாருடைய புண்ணியத்தில் என்று மேசைக்கே தெரியும். ஒரு நிமிடம்தான் நிலைக்கும் என்றாலும் அது போதும்.

"அப்படியானால் நான் மற்றவர்களுக்கு பற்றரி மாத்திரம்தானா?" என்று பூசகராக இருப்பவர் கேட்பது நியாயமான கேள்வி. கொடுத்தவர் கொடுத்த கையோடு மறக்கப்படுகிறார் என்பதுதான் அவருடைய உண்மையான மனக்குறை. அதற்கு எங்கள் மேசையில் இரண்டு வீட்டு விதிகள் வைத்திருக்கிறோம். எந்தப் பிரிவைச் சேர்ந்த பூசகரும் மஜிக் வெப்பனை எடுத்துக்கொள்ளலாம்; அடுத்தவர் ஆயுதத்தில் ஓதினால் கொன்சன்ட்ரேஷன் வேண்டாம், தன் ஆயுதத்தில் ஓதினால் வேண்டும். இரண்டாவது, மந்திரத்தால் வரும் கூடுதல் சேதத்துக்கான பகடையை, அடித்தவர் உருட்டாமல், ஓதியவரே உருட்ட வேண்டும்.

இந்த இரண்டாவது விதியால் ஆட்டம் தாமதமாகும் என்று சிலர் சொன்னார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. தம்பி வாளுக்கான பகடையை உருட்ட, அக்கா ஹோலி வெப்பனுக்கான எட்டுமுகப் பகடை இரண்டையும் அதே நேரத்தில் உருட்டிவிடுகிறார். இந்தப் பகடைகள் நம் ஊர்க் கடைகளில் தேடிக் கிடைப்பவை அல்ல, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டிக்குள் இருந்து வந்தவை. அவற்றை அக்கா இப்போது யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. தன் முறை வரும்வரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது தம்பியின் முறையிலும் எழுந்து நின்று, எந்தப் பேயை முதலில் வெட்ட வேண்டும் என்று அவரோடு வாக்குவாதப்படுகிறார்.