லாடின்னா ஞாயித்துக்கிழமை பொறந்தவ, அவ்ளோதானா?

நோட்டு சேக்குற பைத்தியம் எனக்கு உண்டுன்னு இங்க பாதி பேருக்குத் தெரியும். நேத்து ஆல்பத்தைத் தொடைச்சு அடுக்கும்போது நைஜீரியாவோட 20 நைரா நோட்டு கைக்கு வந்துச்சு. பச்சைக் கலர், பிளாஸ்டிக் நோட்டு, பின்பக்கம் ஒரு அம்மா பானை செஞ்சுக்கிட்டு இருக்காங்க. லாடி குவாலி. 2007ல வந்த நோட்டு, அந்த ஊரு பணத்துல முதல்ல ஏறின பொம்பளை இவங்கதான். குவாலி அவங்க சொந்த ஊரு. சரி, லாடி?

கூகுள் பண்ணா ஒரு பேபி நேம் சைட்டுல ஒத்த வரி, "ஞாயிறன்று பிறந்தவள்". இன்னொண்ணுல "அரபுப் பெயர், முஸ்லிம் பெண் குழந்தைக்கு". முதல்ல சொன்னது சரி, ஆனா பத்தாது. ரெண்டாவதைப் பாத்துதான் கடுப்பாயிட்டேன்.

அரபில ஞாயித்துக்கிழமை "அல் அஹத்". அஹத்னா ஒண்ணு, வாரத்துல முதல் நாள். "அல்" சும்மா முன்னாடி ஒட்டுற சொல்லு, அதுல அ-வை முழுங்கிட்டு ல-வை மட்டும் வச்சுக்கிட்டு கடைசில ஒரு இ போட்டு, நைஜீரியாவோட வடக்குப் பக்கம் ஹவுசா மொழி பேசுற ஹவுசாக்காரங்க லஹாடி ஆக்கிட்டாங்க, அதுவும் வாய்ல தேஞ்சு பொண்ணு பேரா வரும்போது லாடி. பஸ்ஸை பஸ்ஸுங்கிற, ஹல்வாவை அல்வாங்கிற நமக்கு இதெல்லாம் சொல்லியா தரணும்?

வியாழன்னா அல் கமீஸ், அஞ்சாவது நாள், அன்னிக்குப் பொறந்தவ லாமி. செவ்வாய்க்கு தலாட்டு, வெள்ளிக்கு ஜும்மாய், சனிக்கு அசாபே. பையன்னா முன்னாடி டான், அதாவது மகன், டான்லாடி, டான்ஜுமா. நம்ம கிழமைல கோள் இருக்கு, அங்க பாதிக்கு மேல எண்ணிக்கை.

முஸ்லிம் வீட்ல ஏழாம் நாள் கிடா அறுத்து வைக்கிற பேரு தனி, "சுனன் யங்கா"ம்பாங்க, யங்கான்னா அறுக்குறது. கதீஜாவே அங்க போய் ஹதீசா ஆயிருக்கு. அந்தப் பேரு ஹதீசாவா இருக்கும், வீட்ல கூப்பிடுறது லாடியா இருக்கும். இன்னொண்ணு, தலைச்சன் புள்ளை பேரைப் பெத்தவ வாயால சொல்ல மாட்டா, அந்தக் கூச்சத்துக்கு "குன்யா"ன்னு பேரு. புருசன் பேரைக் கேட்டா பக்கத்துல நிக்கிறவங்களைச் சொல்லச் சொல்லுற நம்ம பாட்டிங்க ஞாபகம் வந்துச்சு எனக்கு.

கிறிஸ்தவ வீட்லயும் லாடி உண்டுங்க. நோட்டுல இருக்கிற லாடியே ஹவுசா கிடையாது, குவாரி இனம். ஹவுசா அந்தப் பக்கம் சந்தை மொழி, அது போன எடமெல்லாம் கிழமையும் போச்சு, கிழமையோட பேரும் போச்சு. இதைப் போய் மதக் கட்டத்துல டிக் அடிச்சா என்ன அர்த்தம்?

இந்தம்மா பெரிய பானையைச் சக்கரத்துல வைக்காம, தானே பானையைச் சுத்தி நடந்து நடந்து மண்ணை மேல ஏத்துவாங்களாம். அதுல பல்லி, தேள், மீன்னு கீறி வைப்பாங்க. போட்டோ தேடிப் பாருங்க.

அந்த 20 நைரா எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஜாம்பியா நோட்டு யாராவது வச்சிருந்தா இன்பாக்ஸ் வாங்க, மாத்திக்கலாம்.