ஊரும் நிறமும்: டல்லாஸ் க்ரீனின் இன்னொரு பெயர்

சைட் ப்ராஜெக்ட், அதாவது ஒரு பேண்டில் இருந்துகொண்டே தனியாகச் செய்யும் இசை என்றாலே பேண்டில் தேறாத பாட்டுகளைக் கொட்டிவைக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் சிட்டி அண்ட் கலரை ஒருமுறை ஹெட்போனில் கேட்க வேண்டும்.

டல்லாஸ் க்ரீன் கனடாவின் செயின்ட் கேதரின்ஸ் ஊர்க்காரர். 2001-இல் அங்கே தொடங்கிய அலெக்சிஸ்ஆன்ஃபயர் பேண்டில் பாடகர், கிட்டாரிஸ்ட். டல்லாஸ் ஓர் ஊர், க்ரீன் ஒரு நிறம்; சேர்த்தால் 'சிட்டி அண்ட் கலர்', புனைபெயர் அவ்வளவுதான். பேண்ட் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த 2005-லேயே இந்தப் பெயரில் 'சம்டைம்ஸ்' ஆல்பம் வந்துவிட்டது.

இந்தத் தனிவழி ஏன் தேவைப்பட்டது என்று காதே சொல்லிவிடும். பேண்டில் ஜார்ஜ் பெட்டிட் தொண்டை கிழியக் கத்துவார். கூடவே டிஸ்டார்ஷன் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கிய கிட்டார்கள். சொற்கள் தெளிவாக விழ வேண்டிய 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை அந்தக் கிட்டார்களே அடைத்துக்கொள்ளும். அதை மீறிக் கேட்க க்ரீன் மேல் ஸ்தாயியில் அழுத்திப் பாடியே ஆக வேண்டும். ஒற்றை அகௌஸ்டிக் கிட்டாரோடு பாடும்போது அந்த நெருக்கடி இல்லை. சொல்லின் கடைசி எழுத்தில் குரல் மெலிந்து மூச்சாக மாறுவதுகூடக் கேட்கும். இவர் குரலின் அழகே அங்கேதான் இருக்கிறது.

இந்த மாதிரிப் பாட்டை வீட்டில் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில். வாசித்துக்கொண்டே பாடினால் குரல் மைக்கில் கிட்டாரும் ஏறும். பிறகு ஸ்ருதி விலகிய ஒரு சொல்லை மட்டும் சாஃப்ட்வேரில் திருத்தப் பார்த்தால், உள்ளே கலந்திருக்கும் கிட்டாரும் சேர்ந்து இழுபட்டு நெளியும். முன்னும் பின்னும் மட்டும் வாங்கும் ஃபிகர்-8 மைக்கை வைத்து, அதன் காது கேட்காத பக்கவாட்டைக் கிட்டாரின் துளைப் பக்கம் திருப்புங்கள். கலப்பு வெகுவாகக் குறையும். அப்போதும் முழுசாகப் போகாது. பாட்டை முதலிலிருந்து கடைசிவரை மூன்று நான்கு முறை பதிந்து (ஒவ்வொன்றும் ஒரு டேக்), நல்லதை அப்படியே வைத்துக்கொள்வதே சரி.

2011-இன் 'லிட்டில் ஹெல்' ஆல்பம் ஹாமில்டனில், தேவாலயமாக இருந்து ஸ்டுடியோவான கட்டடத்தில், டேப்பில் பதிவானது. 2500 அடி டேப் ரீல் நொடிக்கு 15 அங்குல வேகத்தில் சுமார் 33 நிமிடம் ஓடும், 30 அங்குலத்தில் அதில் பாதிதான். பழைய டேக்கின் மேலேயே பதிந்தால் பழையது போயே போச்சு. அந்தக் கவனம் பாடும் விதத்திலேயே தெரிகிறது.

புனைபெயரில் பாட்டு வெளியிடுபவர்களுக்கு ஒன்று: கலைஞர் பெயர் என்ற இடத்தில்தான் புனைபெயர் போக வேண்டும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் இடத்தில் சட்டப்பூர்வப் பெயர். பாட்டுக்கான பணத்தை வசூலித்துத் தரும் ராயல்டி சங்கத்தில் புனைபெயரையும் பதிந்தால் அதற்குத் தனி ஐபிஐ எண் (படைப்பாளியை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும், உள்ளே இரண்டும் ஒரே ஆளோடு இணைந்திருக்கும். இதை விட்டால் பணம் உரியவர் தெரியாமல் தேங்கும்.

2011-இல் பேண்ட் கலைந்ததற்கு க்ரீன் இந்தப் பக்கம் முழுசாக வந்ததும் ஒரு காரணம். ரசிகர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் 2015-இல் மறுபடி சேர்ந்தார்கள், 2022-இல் 'அதர்னெஸ்' ஆல்பமும் வந்தது. அதில் அவர் குரல் இன்னும் விரிந்திருக்கிறது என்பேன்.